முழுகாத நாளும் வைத்தியரின் கணக்கும்

யாழ்ப்பாணத்துப் பேச்சில் கர்ப்பிணியை 'முழுகாமல் இருக்கிறா' என்போம். மாதவிலக்கு முடிந்து தலைமுழுகும் நாள் வரவில்லை என்பதே இதன் பொருள். கர்ப்பத்தின் முதற் குறியையே எமது மொழி அந்நிலைக்குப் பெயராக்கிவிட்டது. கருவுற்ற பெண்கள் மண்ணை விரும்பி உண்பதைப் புறநானூறு அறிந்திருக்கிறது. இக்குறிகளை வாசித்தவர்கள் தாயும் மாமியும் அயல்வீட்டு ஆச்சியும். புலம்பெயர்வில் நாம் இழந்தவற்றுள் இந்த வாசிப்பும் ஒன்று. இப்போது அதனிடத்தில் இருப்பது வைத்தியரின் காகிதம். அதைத் தவறாக வாசிப்பதன் விலையைப் பெண்களே செலுத்துகின்றனர்.

முதலில் குறிகள். கருக்கட்டிய முட்டை சுமார் 6 முதல் 10 நாட்களில் கருப்பைச் சுவரில் பதிகிறது. அதன் பின்னரே எச்.சி.ஜி. என்ற ஓமோன் இரத்தத்தில் சேரத் தொடங்கி, ஆரம்பக் கிழமைகளில் இரண்டு மூன்று நாட்களுக்கொரு தடவை இரட்டிக்கிறது. மார்பு கனத்து நோகும்; களைப்பும் நித்திரையும் அமுக்கும்; அடிக்கடி சலம் போகும். குமட்டலும் சத்தியும் பெரும்பாலும் ஆறாவது கிழமையளவில் தொடங்கும். அவை காலையில் மட்டும் வருமென்பதில்லை, சிலருக்கு வராமலும் விடலாம். கரு பதியும் நாட்களில் சிலருக்குச் சிறு இரத்தக்கசிவு ஏற்படும். அதை மாதவிலக்கென எண்ணினால் கணக்கே பிசகிவிடும்.

இவற்றுள் எதுவும் தனித்துச் சான்றாகாது. இரவு வேலையும் விசாப் பதற்றமும் உடல் மெலிவும் கூட மாதவிலக்கைத் தள்ளிப்போடும். களைப்போ, தொழிற்சாலையில் எட்டு மணிநேரம் நிற்கும் எவருக்கும் உரியது. எனவே சோதனை அவசியம். 1920களின் பிற்பகுதியில் பேர்லினில் செல்மார் அஷ்ஹைம், பேர்ண்ஹார்ட் சோண்டெக் ஆகிய இருவர், பெண்ணின் சிறுநீரை முதிராத சுண்டெலிகளுக்கு ஏற்றிக் கர்ப்பத்தை அறியும் முறையை உருவாக்கினர. யூதர்களான இருவரையும் நாசி ஆட்சி துரத்தியது. ஒருவர் பாரிசுக்கும் மற்றவர் சுவீடன் வழியாக ஜெருசலேமுக்கும் போய்ச்சேர்ந்தனர். இன்று மருந்துக்கடையில் வாங்கும் பட்டியும் அதே ஓமோனையே தேடுகிறது. மாதவிலக்கு வரவேண்டிய நாள் கடந்ததும் அதைச் செய்து பார்க்கலாம். 'காலைச் சிறுநீர்' என்று எழுதியிருப்பது நீண்ட நித்திரைக்குப் பின் வருவதையே; இரவு வேலைக்காரிக்கு அது பின்னேரமாகவும் இருக்கலாம். 'இல்லை' என்று காட்டியும் மாதவிலக்கு வராவிடில் சில நாட்களில் திரும்பச் செய்யவேண்டும்.

இனிக் கணக்கு. வைத்தியர் கர்ப்பத்தை எண்ணுவது உறவு கொண்ட நாளிலிருந்து அல்ல, கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து. ஹைடல்பேர்க் பேராசிரியர் நேகெலேயின் (1778–1851) பெயரால் வழங்கும் விதியும் அந்நாளிலிருந்தே 280 நாட்களைக் கணிக்கிறது. கருவுற்ற நாளைத் திட்டமாக அறிவது அரிது. மாதவிலக்கு நாளைப் பெண் அறிவாள். ஆகவே இது வசதிக்கான ஒரு மரபு.

ஓர் உதாரணம். கல்யாணம் பேசி வரவழைக்கப்பட்ட பெண் மார்ச் 1 அன்று வந்திறங்குகிறாள். கடைசி மாதவிலக்கு பெப்ரவரி 20இல். மார்ச் 6 அளவில் கருவுறுகிறாள். ஏப்ரல் 3இல் வைத்தியர் 'ஆறு கிழமை' என எழுதுகிறார். கணவன் விரல்விட்டு எண்ணுகிறான்: அவள் வந்து ஐந்து கிழமைகூட ஆகவில்லையே! கருவின் உண்மை வயது நான்கு கிழமை மட்டுமே என்பதை அவனுக்கு எவரும் சொல்வதில்லை. ஊருக்குப் போகும் தொலைபேசி அழைப்புகளில் அந்த இரண்டு கிழமை ஒரு பெண்ணின் ஒழுக்கம் பற்றிய வழக்காகிவிடும். ஸ்கான் அறிக்கையும் அதே மரபில் எழுதப்படுவதால் அதுவும் சந்தேகத்துக்குச் சாட்சியாக்கப்படும். இங்கே தவறு கணக்கில் இல்லை. பெண்ணின் சொல்லைவிடத் தனது விரல்களை நம்பும் ஆண் மனதில் இருக்கிறது.

காலந் தாழ்த்தாது அறிவதற்கு வேறு காரணங்களும் உண்டு. சிசுவின் நரம்புக்குழாய் கருவுற்று நான்கு கிழமைகளுள் மூடிவிடுகிறது. ஃபோலிக் அமிலம் தேவைப்படுவது அதற்கு முன்னரே. ஒருபக்க அடிவயிற்று வலி, இரத்தப்போக்கு, தோள்மூட்டு நோ, மயக்கம் ஆகியன கரு கருப்பைக்கு வெளியே தங்கியதைக் காட்டலாம். உடனே வைத்தியசாலைக்குப் போகவேண்டும். ஜேர்மனியில் கர்ப்பிணியை வேலைநீக்கம் செய்யச் சட்டம் தடைவிதிக்கிறது. நிர்வாகம் அறியாமல் நீக்கினாலும், கடிதம் கிடைத்து இரண்டு கிழமைக்குள் அவள் அறிவித்தால் பாதுகாப்பு உண்டு. 5 கிலோவுக்கு மேற்பட்ட பாரங்களை அவளை அடிக்கடி தூக்கவைக்கவும் முடியாது.

ஆனால் இவை யாவும் அவள் தானே அறிந்தால்தான் பயன்தரும். எம்மவர் பலர் மனைவிக்கு மொழிபெயர்க்க வைத்திய அறைக்குள் போகிறார்கள். 'கடைசி மாதவிலக்கு எப்போது?' என்ற கேள்வியை அவளிடம் கேளாமலே பதில் சொல்பவர்களும் உண்டு. அந்தத் திகதி அவளுடையது. அதைக் குறித்து வைப்பதும், சோதிப்பதும், யாருக்கு எப்போது சொல்வதென முடிவெடுப்பதும் அவளுக்கே உரியவை. பெண்விடுதலை பற்றிப் பக்கம் பக்கமாக எழுதும் நாம், வைத்தியரின் அறைவாசலில் கொஞ்சநேரம் வெளியே நிற்கப் பழகுவோமா?