அத்தோ... எந்த அத்தோ?

சாயங்காலம் ஆச்சுன்னா தண்டையார்பேட்டை பசங்களுக்கு அத்தோ ஞாபகம் வந்துடும். ஆரஞ்சு கலர் நூடுல்ஸ், முட்டைகோஸ், பொரிச்ச வெங்காயம், புளித்தண்ணி... எல்லாத்தையும் கையாலேயே பிசைஞ்சு தர்ற பர்மா அயிட்டம்!

இதுல ஒரு காமெடி இருக்கு. பர்மிய மொழியில் அந்தச் சொல்லுக்கு 'பிசைந்தது' என்றுதான் அர்த்தம். நூடுல்ஸுக்குப் பேர் 'கவ்ஸ்வே'. யாங்கூன்ல போய் வெறுமனே "ஒரு அத்தோ" என்றால், "எதுல? தேயிலையிலா, இஞ்சியிலா?" என்று கேட்பார்கள். அங்கே ரெண்டையும் பிசைஞ்சு சாப்பிடுவாங்க!

1962-ல் அங்கே ராணுவ ஆட்சி. 1964-ல் கடைகள் அரசுடைமை. சம்பாதித்ததை விட்டுவிட்டுக் கப்பலேறி வந்த தமிழர்கள் பலருக்கு, இங்கே சோறு போட்டது இந்தக் கைப்பக்குவம்தான். அதனால, அடுத்த பிளேட்டை கொஞ்சம் மரியாதையோட வாங்குங்க பாஸ்!