மலையில ஒரு கதவு, கெணத்துல தண்ணி இல்ல: கோயம்புத்தூர் எப்படி உருவாச்சு?



ஹாஸ்டல்ல என் ரூம்மேட் பாலக்காட்டுப் பையன். நான் பல்லடம் பக்கம். ஒரு நாள் ராத்திரி அவன் கேட்டான்: "டேய், கோயம்புத்தூர்ல துறைமுகம் இல்ல, பெரிய ஆறு இல்ல, நிலக்கரி இல்ல. அப்புறம் எப்படிடா இத்தனை மில்லு, இத்தனை ஃபவுண்டரி, இத்தனை பம்ப் கம்பெனி?"

நான் யோசிக்கவே இல்லை. "எங்க ஆளுங்க உழைப்பாளிங்கடா"ன்னு கெத்தா சொல்லிட்டேன்.

"அப்போ எங்க ஊர்ல எல்லாரும் தூங்கிட்டு இருந்தாங்களா?"

பதில் சொல்ல முடியலை. அன்னைக்கு ராத்திரி மேப்பைத் திறந்து வச்சு உட்கார்ந்ததுல கிடைச்ச பதில்தான் இந்தக் கட்டுரை.

சுவரில் ஒரு கதவு

மேற்குத் தொடர்ச்சி மலை தப்தி ஆற்றுக்குத் தெற்கே தொடங்கி கன்னியாகுமரி வரைக்கும் சுமார் 1600 கி.மீ. ஓடுது. கிட்டத்தட்ட ஒரே நீளச் சுவர். வடக்கே நீலகிரியில் தொட்டபெட்டா 2637 மீட்டர், தெற்கே ஆனைமலைத் தொடரில் ஆனைமுடி 2695 மீட்டர். இந்த ரெண்டு உயரங்களுக்கும் நடுவில் சுவர் திடீர்னு காணாமப் போகுது. சுமார் 30 கி.மீ. அகலத்துக்கு, கடல் மட்டத்திலிருந்து சில நூறு மீட்டர் உயரத்தில், மாட்டு வண்டியே போகக்கூடிய சமவெளி. அதுதான் பாலக்காட்டுக் கணவாய்.

கதவு இருந்தா ஆள் நடமாட்டம் இருக்கும். ரோமாபுரியிலிருந்து வந்த கப்பல்கள் மேற்குக் கரையில் முசிறியில் நின்றன. அங்கிருந்து கிழக்கே வரணும்னா, குமரிமுனையைச் சுற்றிக் கப்பலில் வரலாம். இல்லைன்னா இந்தக் கணவாய் வழியா நடந்தே வரலாம். கோவை பக்கத்தில் வெள்ளலூரில் ரோமானியக் காசுகள் குவியலாகக் கிடைத்தது சும்மா இல்லை. நொய்யல் கரையில் சென்னிமலை பக்கம் இருக்கும் கொடுமணலில் அகழாய்வு செய்தபோது கல்மணி செய்யும் பட்டறைகளும், இரும்பு உருக்கிய தடயங்களும், தமிழி எழுத்து பொறித்த பானை ஓடுகளும் கிடைத்தன. காங்கேயம் பக்கம் படியூரில் பச்சைக்கல் தோண்டினார்கள். கிழக்கே சேரர் தலைநகர் கரூர். மேப்பில் இந்த ஊர்களை ஒரு கோட்டால் இணைச்சுப் பாருங்க, நேரா கணவாய்க்குப் போய் நிற்கும்.

கதவு வியாபாரிக்கு மட்டும் திறக்காது. 1766-இல் ஹைதர் அலி பாலக்காட்டில் கோட்டை கட்டியதற்குக் காரணமும் இதே கதவுதான். ஒரு நூற்றாண்டு கழித்து பிரிட்டிஷார் சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரையில் பேப்பூருக்கு ரயில் பாதை போட்டபோது, மலையைக் குடையாமல் போக இந்த வழியைத்தான் பிடித்தார்கள். 1862-க்குள் போத்தனூருக்கு ரயில் வந்தாச்சு.

சரி, ஆனா இது என் ரூம்மேட் கேள்விக்குப் பதில் இல்லையே? கதவுக்கு ரெண்டு பக்கம் உண்டு. அந்த ரயில் பாலக்காட்டுக்கும்தானே போச்சு?

ஒரே கதவு, ரெண்டு வானம்

இங்கேதான் விஷயம் சுவாரஸ்யமாகுது. லேப்ல எக்ஸ்பெரிமென்ட் செய்யும்போது ஒன்றைத் தவிர மற்ற எல்லாத்தையும் சமமா வச்சு, அந்த ஒன்றை மட்டும் மாத்திப் பார்ப்போம் இல்லையா? பாலக்காடும் கோவையும் கிட்டத்தட்ட அப்படித்தான். அதே கதவு, அதே ரயில். மாறுவது மழை.

தென்மேற்குப் பருவக்காற்று ஈரத்தோட வந்து மலையில் மோதி மேலே ஏறுது. ஏறும்போது குளிர்ந்து மழையாகக் கொட்டுது. மலையைத் தாண்டி இறங்கும்போது அதில் ஈரம் மிச்சமில்லை. அதனால பாலக்காட்டுக்கு வருஷத்துக்கு சுமார் 2000 மி.மீ. மழை, கோவைக்கு சுமார் 700 மி.மீ.தான். கணவாய்க்குள்ள வர்ற காற்று மட்டும் மலை ஏறாமல், குறுகின வழியில் நெருக்கிக்கிட்டு வேகமா வருது. ஃப்ளூயிட் மெக்கானிக்ஸில் படிச்சோமே, குறுக்குப் பரப்பு குறைஞ்சா வேகம் கூடும்னு, அதேதான். பல்லடம், உடுமலை பக்கம் நிக்கிற காற்றாலைகளுக்கு ஆடி மாசம் யோகம் அடிக்கறது இதனாலதான்.

பாலக்காட்டில் மழை பெய்தது. அது கேரளத்தின் நெற்களஞ்சியம் ஆனது. கோவைக்குக் கிடைத்தது குறைந்த மழையும், பல இடங்களில் கரிசல் மண்ணும். நெல் வராது. பருத்தி வரும். பருத்தி இருந்தது, ரயில் இருந்தது. 1888-இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் முதல் நூற்பாலைக்கு அடி போட்டார்.

கிணறு கற்றுத்தந்த இன்ஜினியரிங்

பருத்திக்கும் தண்ணி வேணுமே? எங்க ஊர்ல ஆறு நம்பி விவசாயம் கிடையாது. கிணறுதான். அதுவும் பாறையை உடைச்சுத் தோண்டின ஆழக் கிணறு. மாட்டை வச்சு கவலை இறைச்ச காலத்துல, ஒரு நாள் முழுக்க இறைச்சாலும் கொஞ்ச நிலம்தான் நனையும்.

மோட்டார் வந்தப்புறம் வேற சிக்கல். பம்ப் தண்ணியை 'இழுக்காது'. குழாய்க்குள்ள அழுத்தம் குறையும்போது வெளியில இருக்கற காற்றழுத்தம்தான் தண்ணியை மேலே தள்ளுது. கணக்குப்படி அதிகபட்சம் 10.3 மீட்டர், நடைமுறையில் ஏழு மீட்டருக்கு மேல் கஷ்டம். ஆத்தங்கரை வயலுக்கு இது போதும். கொங்குநாட்டுக் கிணற்றுக்குப் பத்தாது. அதனால மோட்டாரையே கிணற்றுக்குள்ள மேடை கட்டி இறக்கினாங்க. தண்ணி இன்னும் கீழே போச்சு, ஜெட் பம்ப் வந்தது. இன்னும் போச்சு, நீர்மூழ்கி பம்ப் வந்தது. தண்ணி ஒவ்வொரு தடவை கீழே இறங்கும்போதும் பட்டறைக்காரருக்கு ஒரு புது டிசைன் பிராப்ளம்.

இதுக்கெல்லாம் கரண்ட் வேணும். அதையும் மலையே கொடுத்தது, ஆனால் சும்மா கொடுக்கலை. நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் 1932-இல் ஓடத் தொடங்கியது. மின்சக்தி என்பது தண்ணீரின் அளவையும் அது விழும் உயரத்தையும் பெருக்கி வருவது. பைக்காராவில் தண்ணி பெரிய ஆறு அளவுக்கு இல்லை. ஆனா விழும் உயரம் 900 மீட்டருக்கு மேல். நிலக்கரி இல்லாத ஊருக்கு இதுதான் நிலக்கரி. அந்த மின்சாரம் வந்த பிறகுதான் 1930-களில் மில்கள் மளமளவென்று பெருகின. மில்லுக்கு உதிரிபாகம் செய்ய ஃபவுண்டரி, ஃபவுண்டரி இருந்ததால் பம்ப், பம்புக்கு மோட்டார், அதே மோட்டாரை வச்சு வெட் கிரைண்டர். ஒன்றைப் பிடித்து ஒன்று.

எங்க அப்புச்சிகிட்ட இதையெல்லாம் பெருமையா சொன்னேன். அவர் சிரிச்சுட்டு சொன்னார்: "தண்ணி இருந்திருந்தா உங்க மாமன் எதுக்குக் கண்ணு லேத்துப் பட்டறைக்குப் போறான்? தோட்டத்துலயே இருந்திருப்பான்."

நான் மூணு மணி நேரம் மேப் பார்த்துக் கண்டுபிடிச்சதை அவர் ஒரே வரியில முடிச்சுட்டார்.

அப்போ எல்லாமே தலைவிதியா?

இல்லை. மழை குறைந்த ஊர் எல்லாம் கோயம்புத்தூர் ஆகிவிடவில்லை. பைக்காராவில் அருவி எப்பவும் இருந்தது. அதில் மின்சாரம் எடுக்கலாம்னு முடிவு செய்ய ஒரு அரசு வேண்டியிருந்தது. பருத்தியில் சம்பாதித்த காசை நிலத்தில் மட்டும் போடாமல் மில்லில் போடத் துணிந்த விவசாயக் குடும்பங்கள் வேண்டியிருந்தன. ஜி.டி. நாயுடு மாதிரி, கையில் கிடைத்த மெஷினைப் பிரித்துப் பார்த்துக் கற்றுக்கொண்டவர்கள் வேண்டியிருந்தது. பூகோளம் கேள்வித்தாள் கொடுக்கும். பதில் நாம எழுதறதுதான். தப்பாவும் எழுதலாம்.

அப்படித் தப்பா எழுதின பதில் ஒன்னு எங்க ஊர்ப் பக்கமே இருக்கு. நொய்யல் வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர் வழியா ஓடி, கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேருது. வருஷத்தில் பெரும்பாலான நாள் அதில் இயல்பான நீரோட்டம் கிடையாது. பின்னலாடையில் உலகச் சந்தையைப் பிடித்த திருப்பூரின் சாயக்கழிவு அதில் விழுந்தபோது, கலந்து நீர்த்துப்போக நல்ல தண்ணியே இல்லை; கழிவே ஆறாகிவிட்டது. பாசனத்துக்காகக் கட்டின ஒரத்துப்பாளையம் அணையில் அந்தக் கழிவு தேங்கியது. சுற்றியிருந்த கிணறுகளில் உப்பு ஏறி விவசாயம் நாசமானது. 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அதன் பிறகுதான் ஜீரோ லிக்விட் டிஸ்சார்ஜ் இல்லாமல் பட்டறை நடத்த முடியாது என்ற நிலை வந்தது. ஆர்.ஓ., எவாப்பரேட்டர் எல்லாம் வச்சு, தண்ணியைப் பிரிச்சு மறுபடியும் அதையே பயன்படுத்தணும். செலவு அதிகம். ஆனா வறண்ட ஆற்றங்கரையில் தொழில் செய்யறதோட உண்மையான விலை அதுதான். அதுவரைக்கும் அந்த விலையைக் கீழ்க்கரை விவசாயி கட்டிட்டு இருந்தார்.

எங்க அப்புச்சி தோட்டத்து போர் இப்போ ஆயிரம் அடியைத் தாண்டிடுச்சு. அவ்வளவு ஆழத்துல இருந்து தண்ணி எடுக்க நம்மகிட்ட பம்ப் இருக்கு, அதுல நாம கில்லாடி. ஆனா அடியில தண்ணி இருக்கணுமே. இன்னும் பவர்ஃபுல்லா பம்ப் செய்யறது இந்தத் தடவை விடை இல்லைன்னு தோணுது. குளங்களைத் தூர்வாரறது, பெய்யற 700 மி.மீ.யை மண்ணுக்குள்ள இறக்கறது, பயன்படுத்தின தண்ணியையே திரும்பப் பயன்படுத்தறது, இதெல்லாம்தான் அடுத்த பட்டறைக்காரருக்கான பிராப்ளம். அந்தப் பட்டறைக்காரர் இப்போ ஏதோ ஒரு காலேஜ்ல பைனல் இயர் படிச்சுட்டு இருக்கலாம்.

ரூம்மேட்கிட்ட பதிலைச் சொன்னேன். "ஆக, உங்களுக்கு மழை இல்லாததாலதான் ஃபேக்டரி வந்துச்சு"ன்னான். ஆமான்னு ஒத்துக்கிட்டேன். "கோயம்புத்தூர் குடிக்கற சிறுவாணித் தண்ணி எங்க மாவட்டத்து அணையிலிருந்துதான் வருது, ஞாபகம் வச்சுக்கோ"ன்னு சொல்லிட்டுத் திரும்பிப் படுத்துட்டான்.

அதையும் மேப்பில் பார்த்தேன். அவன் சொன்னது சரிதான்.

உங்க ஊருக்கும் இப்படி ஒரு கதை கண்டிப்பா இருக்கும். இன்னைக்கு ராத்திரி மேப்பைத் திறந்து, உங்க ஊரைச் சுற்றி மலை எங்கே, ஆறு எங்கே, ரயில் ஏன் அந்தப் பக்கமா வளையுதுன்னு பாருங்க. கண்டுபிடிச்சா அடுத்த இதழுக்கு எழுதி அனுப்புங்க மக்களே!