மேகமா, வெக்கையா?

கூரையில் சோலார் பேனல் போட நினைப்பவர்கள் அண்ணாந்து பார்த்துக் கவலைப்படுவது மேகத்தை நினைத்துத்தான். வெயிலை யாரும் சந்தேகிப்பதில்லை. சிங்கப்பூரின் அனுபவமோ வேறு.

பூமத்திய ரேகைக்கு வடக்கே ஒன்றரை டிகிரிகூடத் தள்ளியில்லாத ஊர் அது. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. மேகமே இல்லாத வானம் அபூர்வம். அப்படியும் அங்கே சதுர மீட்டருக்கு ஆண்டுக்குச் சுமார் 1,580 யூனிட் சூரிய ஆற்றல் விழுகிறது. சோலாருக்குப் பேர்போன ஜெர்மனிக்குக் கிடைப்பது 1,100-ஐ ஒட்டித்தான். சிங்கப்பூருக்கு வருவதில் ஏறத்தாழ பாதி, மேகத்திலும் ஈரக்காற்றிலும் பட்டுச் சிதறிய ஒளி. சிலிக்கான் அதையும் மின்சாரமாக்கிவிடும்.

சத்தமில்லாமல் திருடுவது சூடு. பேனலின் முதுகில் அச்சிட்டிருக்கும் வாட் கணக்கு, செல் 25 டிகிரியில் இருக்கும்போது ஆய்வகத்தில் அளந்தது. உச்சிவெயிலில் கூரைமேல் அது 60 டிகிரியைத் தொடும். டிகிரிக்கு 0.3 முதல் 0.4 சதவீதம் வரை உற்பத்தி குறையும். முழு வெயிலிலும் 400 வாட் பேனல் 350-ஐ ஒட்டியே நிற்கும். விலை பேசும்போது இதை யாரும் வாய்திறந்து சொல்வதில்லை!

அதனால்தான் பேனலுக்கும் கூரைக்கும் நடுவே காற்றோட இடைவெளி விடுகிறார்கள். இன்னொரு வழி தண்ணீர். 2021 ஜூலையில் சிங்கப்பூரின் தெங்கே நீர்த்தேக்கத்தில் 1,22,000 பேனல்களை மிதக்கவிட்டார்கள், 60 மெகாவாட். கூரையில் இருப்பதைவிட 5 முதல் 15 சதவீதம் கூடுதலாகத் தரும் என்பது அமைத்தவர்கள் கணக்கு. ஐந்தை நம்பலாம், பதினைந்து எனக்குக் கொஞ்சம் தாராளமாகப் படுகிறது.

மழையால் ஒரு லாபமும் உண்டு. சூரியன் தலைக்கு நேரே வரும் ஊரில் பேனலைப் படுக்கையாகவே வைக்கலாம். ஆனாலும் பத்து டிகிரி அளவுக்குச் சாய்க்கிறார்கள், மழைநீர் தூசியைக் கழுவிக்கொண்டு ஓடட்டும் என்று.

மேகத்தின் உண்மையான தொல்லை அதன் அவசரம். ஒரு மேகம் குறுக்கிட்டால் சில நிமிடங்களில் உற்பத்தி பாதாளத்துக்குப் போகும், விலகினால் சட்டென்று ஏறும். ஊரே சிறியது என்பதால் ஒரே மேகக்கூட்டம் பெரும்பகுதியை மூடிவிடும். இந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்க ஜூரோங் தீவில் 285 மெகாவாட்-மணி பேட்டரி நிலையம் 2023-இல் திறக்கப்பட்டது. எந்த மேகம் எப்போது மறைக்கும் என்று முன்கூட்டியே கணிக்கும் வேலையில் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் இறங்கியிருக்கிறார்கள்.