பிரட்டுக்களமும் கிளினிக் வாங்கும்

இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டத்தில் ஒருவர் ஆணா பெண்ணா என்பது அவருடைய சொந்த விஷயமாக ஒருநாளும் இருந்ததில்லை. விடிந்ததும் வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்திலேயே அது முடிவாகிவிடும். பெண் என்றால் கூடையும் கொழுந்து மலையும். ஆண் என்றால் கவ்வாத்துக் கத்தி, மருந்தடிப்பு, உரமூட்டை. 1984 வரை ஆணுக்கும் பெண்ணுக்கும் சம்பளமே வேறுவேறு. வட்டவளையில் ஒரு லயத்தில் பிறந்த பிள்ளை, ஊர் சொல்லும் பாலும் தன் மனசு சொல்லும் பாலும் ஒன்றல்ல என்று உணர்ந்தால், அதை எங்கே வைத்துக்கொள்ளும்? இருமினால் அடுத்த வீட்டுக்குக் கேட்கும் சுவர். காலையில் பெயர் போடும்போது எந்த வரிசையில் நிற்பது என்ற கேள்வி. வருஷத்தில் ஒருமுறை, மாசி மாதக் காமன் கூத்தில், ஓர் ஆண் சேலை கட்டி ரதியாக ஆடினால் ஊரே கையெடுத்துக் கும்பிடும். கூத்து முடிந்து ஒரு வாரம் கழித்து அதே நடையில் ஒரு பையன் ரோட்டில் நடந்தால் கல்லெறி.

அந்தக் காலத்தில் இந்தப் பிள்ளைக்கு வைத்தியம் என்று ஒன்று இருந்ததா? தோட்டத்து டிஸ்பென்சரி இருந்தது. தொழிலாளருக்கு மருத்துவ வசதி செய்துகொடுப்பது தோட்டத்தின் கடமை என்று வெள்ளைக்காரர் காலத்திலேயே, 1912இல், சட்டம் வந்துவிட்டது. ஆனால் அந்த வைத்தியத்துக்கு வேண்டியிருந்தது மறுநாள் வேலைக்கு எழும்பும் உடம்பு. காய்ச்சலுக்குக் கலவை மருந்து, காலில் வெட்டுக்காயத்துக்குக் கட்டு, பிரசவத்துக்கு மருத்துவமாது. 1980களில் குடும்பக் கட்டுப்பாட்டுச் சத்திரசிகிச்சைக்கு அரசு ஊக்கப்பணம் கொடுத்தபோது, தோட்டத்துப் பெண்கள் லொறியில் ஏற்றிச் செல்லப்பட்டதையும், என்ன செய்கிறார்கள் என்று பலருக்குச் சரியாக விளக்கப்படாததையும் மலையகம் பற்றிய ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. கேட்காமலே செய்த வைத்தியம் ஒருபக்கம்; கேட்டாலும் கிடைக்காத வைத்தியம் இன்னொரு பக்கம். தோட்டத்து உடம்பு இரண்டையும் அனுபவித்தது.

தாங்க முடியாதவர்கள் கொழும்புக்குப் போனார்கள். அங்கே தெரிந்தவர் சொல்லக் கேட்டு மருந்துக்கடையில் கருத்தடை மாத்திரையை வாங்கி, ஒன்றுக்கு மூன்றாக விழுங்கிய திருநங்கைகளின் கதை இந்தியாவிலும் இலங்கையிலும் ஒன்றுதான். அந்த மாத்திரையில் இருக்கும் எத்தினைல் ஈஸ்ட்ரடையோல் அளவு மீறினால், அதுவும் புகைபிடிப்பவராக இருந்தால், காலில் இரத்தம் கட்டி நுரையீரல் வரை போய் உயிரைக் குடிக்கக்கூடியது. அதைச் சொல்ல ஒரு வைத்தியர் இருக்கவில்லை. வைத்தியரிடம் போனாலும் மனநோய் என்ற முத்திரைதான். உலக சுகாதார நிறுவனமே 2019இல்தான், நோய்களின் சர்வதேசப் பட்டியலை 11ஆம் முறையாகத் திருத்தியபோது, திருநர் நிலையை மனநோய்களின் அத்தியாயத்திலிருந்து எடுத்தது. அது நடைமுறைக்கு வந்தது 2022 ஜனவரியில்.

இலங்கையில் கதவு திறந்த ஆண்டு 2016. சுகாதார அமைச்சு அந்த வருஷம் 01-34/2016 என்ற சுற்றறிக்கையை வெளியிட்டது. 16 வயதுக்கு மேற்பட்ட ஒருவருக்கு மனநல வைத்திய நிபுணர் பாலின அங்கீகாரச் சான்றிதழ் கொடுக்கலாம்; அதைக் காட்டினால் பதிவாளர் நாயகத்தின் திணைக்களம் பிறப்புச் சான்றிதழில் பெயரையும் பாலையும் மாற்றும். அதை வைத்து அடையாள அட்டை எடுக்கலாம். ஆண், பெண் என்ற இரண்டு கட்டங்களுக்கு வெளியே நிற்பவருக்கு அதில் இடமில்லை. தான் யார் என்பதை ஒரு நிபுணர் கையொப்பமிட்டுச் சொல்ல வேண்டியிருப்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. ஆனாலும் அந்தக் காகிதத்தின் கனத்தை மலையகத்தாருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. 1948இல் குடியுரிமை போய், 1988இலும் 2003இலும் வந்த சட்டங்களால்தான் மிச்சம் மீதியும் திரும்பியது. ஒரு துண்டுக் கடதாசி இல்லாமல் பரம்பரை பரம்பரையாக அலைந்த சனம் நாங்கள்.

காகிதம் வந்தது. வைத்தியம் எங்கே இருக்கிறது? பெரும்பாலும் தூரத்தில். இந்தத் துறையில் பழகிய மனநல நிபுணரும் அகஞ்சுரப்பி நிபுணரும் பெரிய வைத்தியசாலைகளில்தான் இருக்கிறார்கள். வட்டவளையிலிருந்து கினிகத்தேனை இறங்கி, அவிசாவளை தாண்டிக் கொழும்பு போய்ச் சேர நாலைந்து மணித்தியாலம். 2024 செப்டெம்பரில் நாட்சம்பளம் 1,350 ரூபா என்று வர்த்தமானியில் வந்தது. ஒருநாள் கிளினிக் என்றால் அன்றைய பேரும் (ஒருநாள் சம்பளம்) போய், பஸ் காசும் போய், இரவு தங்க இடமும் தேட வேண்டும். போய்ச் சேர்ந்தாலும், தன் வாழ்க்கையிலேயே சொல்லக் கடினமான விஷயத்தைத் தனக்குச் சரியாக வராத சிங்களத்தில் சொல்ல வேண்டிவரலாம். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் கப்பலேறி நீலகிரிக்குப் போன எங்கள் சொந்தக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு, 2008இல் திருநங்கைகளுக்கென நல வாரியம் அமைத்து, அரசு மருத்துவமனையிலேயே இலவசமாக அறுவைச் சிகிச்சை செய்யும் மாநிலம் வாய்த்திருக்கிறது. அங்கேயும் தூரமும் காத்திருப்பும் உண்டுதான். ஆனால் பேச்சு தமிழில் நடக்கும்.

இந்தச் சிகிச்சையின் பெரும்பகுதிக்கு இவ்வளவு தூரம் தேவையே இல்லை. சத்திரசிகிச்சைக்குப் பெரிய வைத்தியசாலை வேண்டும், சந்தேகமில்லை. ஆனால் எல்லோரும் சத்திரசிகிச்சை கேட்பதில்லை. பலருக்கு வேண்டியது ஹோர்மோனும் அதைக் கவனித்துக்கொள்ளும் ஒரு வைத்தியரும்தான். திருநங்கைக்கு ஈஸ்ட்ரஜன், அதோடு ஆண் ஹோர்மோனை அடக்கப் பல நாடுகளில் ஸ்பைரோனோலக்டோன். இந்த ஸ்பைரோனோலக்டோன் புதுமருந்தா? ஈரல் பழுதாகி வயிறு வீங்கியவருக்கும் இதயம் பலவீனமானவருக்கும் வைத்தியர்கள் காலங்காலமாக எழுதிக் கொடுப்பதுதான். பொட்டாசியம் ஏறுகிறதா, பிரஷர் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். அதுவும் அவர்களுக்குத் தெரிந்ததே. திருநம்பிக்கு டெஸ்டஸ்டெரோன் ஊசி. மாதவிடாய் நிற்கும், குரல் உடையும், தாடி வளரும். இரத்தம் தடிக்கிறதா என்று ஹீமோகுளோபின் பார்த்துக்கொள்ள வேண்டும். தொடங்குமுன் பிள்ளை பெறும் விருப்பம் உண்டா என்று கேட்க வேண்டும். எந்த மாற்றம் திரும்பி வராது, எது வராமலே போகலாம் என்று பொறுமையாகச் சொல்ல வேண்டும். ஈஸ்ட்ரஜன் எடுத்தாலும் உடைந்த குரல் மெலியாது. அதை முன்பே சொல்லாவிட்டால் ஏமாற்றம் கொடுமையானது. 2022இல் வெளியான உலகத் திருநர் நலத் தொழில்வல்லுநர் சங்கத்தின் எட்டாம் பதிப்பு வழிகாட்டி, ஆரம்ப சுகாதாரப் பராமரிப்புக்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கியிருக்கிறது. சீனிக்கும் பிரஷருக்கும் ஆயுள் முழுக்க மருந்து கொடுத்துப் பழகிய கிளினிக்குக்கு இது அந்நியமான வேலையல்ல.

அதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. திருநர் ஒருவருக்கு வரும் நோயெல்லாம் ஹோர்மோன் நோயல்ல. கொழுந்து மலையில் குளவி கொட்டித் தூக்கிக்கொண்டு வந்தபோது, அடையாள அட்டையிலுள்ள பழைய பெயரை நிறைந்த வெளிநோயாளர் பிரிவில் உரக்கக் கூப்பிட்டால், அடுத்த தடவை அவர் எலிக்காய்ச்சலோடும் வீட்டிலேயே படுத்திருப்பார். ஆண் வார்ட்டில் படுக்க வைப்பதா பெண் வார்ட்டில் படுக்க வைப்பதா என்று அவர் முன்னாலேயே வாக்குவாதம் நடந்தால் இரவோடிரவாக எழுந்து போய்விடுவார். கருப்பைக் கழுத்து உள்ள திருநம்பிக்கு 35 வயதில் பாப் பரிசோதனை வேண்டும். ஆனால் தாடியோடு அவர் எந்தத் தைரியத்தில் சுகவனிதையர் கிளினிக்குக்குப் போய் உட்காருவார்? குடும்ப நல உத்தியோகத்தர் ஒருவர் தனியாக ஒரு நேரம் ஒதுக்கிக் கொடுத்தால் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயை முன்பே பிடிக்கலாம்.

சட்டத்தின் பயம் இன்னும் முற்றாகப் போகவில்லை. ஒருபாலுறவுக்கு எதிரான, தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகள் 1883இலிருந்து வரும் கோவையில் நிற்கின்றன. அவற்றைத் திருத்தும் தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணல்ல என்று உயர் நீதிமன்றம் 2023 மே மாதம் சொன்ன பிறகும் பாராளுமன்றம் அந்த வேலையை முடிக்கவில்லை. ஆனால் அந்தப் பிரிவுகள் திருநராக இருப்பதைக் குற்றமாக்கவில்லை, வைத்தியரின் கையையும் கட்டவில்லை.

டிக்கோயாவில் 2017இல் இந்திய உதவியோடு திறந்த 150 கட்டில் வைத்தியசாலை இருக்கிறது. வட்டவளையிலேயே பிரதேச வைத்தியசாலை இருக்கிறது. அங்குள்ள வைத்தியர்களுக்கும் தாதியருக்கும் சில நாள் பயிற்சி, கிளினிக் கொப்பியின் மேல் அவர் சொல்லும் பெயர், பெரிய வைத்தியசாலையிலுள்ள நிபுணருக்கு எழுத ஒரு கடிதம், விளக்கமெல்லாம் தமிழில் ஒரு தாள். இவ்வளவு இருந்தால், நிபுணரை வருஷத்தில் ஓரிரு முறை பார்த்தால் போதும். மிச்ச நாட்களில் பிரஷர் பார்க்க வந்த பெரியம்மாவுக்குப் பக்கத்து வாங்கில் உட்கார்ந்து, இரத்தம் கொடுத்து, மருந்தை வாங்கிக்கொண்டு மலைக்குத் திரும்பினால் அரைப் பேராவது விழும்.