மைசூருக்கு வரும் ஆராய்ச்சி, வாஷிங்டனில் போடும் வரி

ஓர் அமெரிக்க நிறுவனம் தன் புதிய கருவிக்கான ஆராய்ச்சியைப் பாஸ்டனில் செய்யலாம். மைசூரு ஹெப்பாள் தொழிற்பேட்டையிலும் செய்யலாம். எங்கே செய்தால் எவ்வளவு மிச்சம் என்பதை வைத்துத்தான் அரசுகள் கயிறு இழுக்கின்றன.

அமெரிக்கா யாரையும் தடுக்கவில்லை. செலவைக் கணக்கில் கழிக்கும் வேகத்தில் மட்டும் கைவைத்தது. 2017இல் வந்த வரிச் சட்டப்படி, 2022 முதல் உள்நாட்டு ஆராய்ச்சிச் செலவை 5 ஆண்டுகளிலும், வெளிநாட்டில் நடந்த ஆராய்ச்சிக்கான செலவை 15 ஆண்டுகளிலும் பிரித்துத்தான் கழிக்க முடியும் என்றானது. உள்ளூர் நிறுவனங்களே கொதித்தெழுந்தன. 2025 ஜூலையில் உள்நாட்டுச் செலவை உடனே முழுதாகக் கழிக்கும் பழைய சலுகை திரும்பியது. வெளிநாட்டுச் செலவுக்கு அதே 15 ஆண்டுதான்.

கணக்குப் போட்டால் புரியும். நல்ல லாபத்தில் இருக்கும் நிறுவனம் மைசூரில் 30 லட்சம் டாலர் செலவழிக்கிறது. முதல் ஆண்டைப் பாதி ஆண்டாகவே எண்ணுவார்கள் என்பதால் அந்த ஆண்டு கழிக்கக் கிடைப்பது 1 லட்சம் டாலர்தான். மீதி 29 லட்சம் லாபமாகவே நிற்கும். அதற்கு 21% வீதம் சுமார் 6 லட்சம் டாலர் வரி. பாஸ்டனில் செலவழித்திருந்தால் அந்த வரி இல்லை. இந்தப் பணம் பின்னால் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிவிடும். ஆனால் கையிருப்பு குறைந்த சிறு நிறுவனம் அதுவரை தாங்காது. பெரிய நிறுவனமோ பொறியாளர் சம்பளத்தில் கிடைக்கும் மிச்சத்தைப் பார்த்துவிட்டு வரியைக் கட்டிவிட்டுப் போகும்.

பிரிட்டன் இன்னும் வெளிப்படை. 2024 ஏப்ரலுக்குப் பின் தொடங்கும் கணக்காண்டுகளில், வெளிநாட்டில் ஒப்பந்தத்துக்குக் கொடுத்த ஆராய்ச்சிக்குப் பொதுவாக வரிச்சலுகை கிடையாது. ஆராய்ச்சிக்கு வேண்டிய சூழல் பிரிட்டனில் இல்லையென்றால் விலக்கு உண்டு. ‘அங்கே ஆள் மலிவு’ என்பது காரணமாகாது என்று விதியிலேயே எழுதிவிட்டார்கள்!

வாங்கும் பக்கத்தில் கதை வேறு. கர்நாடகம் 2024 நவம்பரில் ஜி.சி.சி. கொள்கை ஒன்றை வெளியிட்டது. பன்னாட்டு நிறுவனங்கள் தங்களுக்கென்றே நடத்தும் மையங்களைத்தான் ஜி.சி.சி. என்கிறார்கள். 2029க்குள் 500 புதிய மையங்கள், 3.5 லட்சம் வேலைகள் என்பது இலக்கு. நெரிசலில் திணறும் பெங்களூரைத் தாண்டி மைசூரு, மங்களூரு, ஹூப்ளி பக்கம் வருவோருக்குச் சலுகை கூடுதல். தமிழ்நாடும் சும்மா இருக்கவில்லை: மாதம் 1 லட்சம் ரூபாய்க்கு மேல் சம்பளமுள்ள ஜி.சி.சி. வேலைகளுக்கு முதலாண்டு 30%, அடுத்து 20%, பிறகு 10% என்று சம்பள மானியத்தையே அறிவித்தது.

இந்தப் போட்டியில் எல்லோரும் வேலைகளை எண்ணுகிறார்கள், காப்புரிமையை எண்ணுவதில்லை. எனக்கு உறுத்துவது அதுதான். இத்தகைய மையங்களில் பல ஒப்பந்த ஆராய்ச்சி செய்பவை. தாய் நிறுவனம் செலவையும் அதன்மேல் ஒரு விகித லாபத்தையும் கொடுக்கும். கண்டுபிடிப்பு அதன் பெயருக்குப் போகும். மைசூரில் இதற்கு நேர்மாறான பழக்கமும் உண்டு. 1950இல் செலுவாம்பா மாளிகையில் தொடங்கிய மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் (சி.எப்.டி.ஆர்.ஐ.), எருமைப்பாலில் குழந்தை உணவு தயாரிக்கும் முறையைக் கண்டுபிடித்தது. அதை அமுல் கூட்டுறவு எடுத்துச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஆராய்ச்சியும் வருமானமும் நாட்டுக்குள்ளேயே நின்றன.

இந்திய அரசு இதை யோசிக்காமல் இல்லை. 2016 பட்ஜெட்டில் ஒரு ஏற்பாடு வந்தது: இங்கே உருவாக்கிப் பதிவுசெய்த காப்புரிமையிலிருந்து வரும் ராயல்டிக்கு 10% வரி போதும், உருவாக்கும் செலவில் குறைந்தது 75% இந்தியாவில் ஆகியிருக்க வேண்டும். ஆனால் அதே பட்ஜெட், நிறுவனங்கள் சொந்த ஆய்வகச் செலவில் 200% கழித்துக்கொள்ளும் சலுகையை 2017இலிருந்து 150% ஆகவும், 2020இலிருந்து 100% ஆகவும் குறைத்துவிட்டது. காப்புரிமை கையில் வந்த பிறகு கிடைக்கும் சலுகை, அது வருமா வராதா என்று தெரியாமல் ஆய்வகத்தில் பணம் போடுகிறவருக்கு உதவாது. மைசூரில் சொந்தமாக ஒரு பொருளை உருவாக்க நினைக்கும் நடுத்தர நிறுவனம் இழந்தது அந்த முதல் கட்டத்து உதவியைத்தான்.