டிரம்மில் என்ன இருக்கிறது?

2022 ஜூன் 4 இரவு. வங்கதேசத்தின் சிட்டகாங் நகரை அடுத்த சீதாகுண்டாவில் ஒரு கன்டெய்னர் கிடங்கு தீப்பிடித்தது. விரைந்து வந்த தீயணைப்பு வீரர்கள் வழக்கமான தீயாக நினைத்துத் தண்ணீர் பீய்ச்சினார்கள். திடீரென்று கன்டெய்னர்கள் வெடித்துச் சிதறின. அவற்றில் சிலவற்றில் ஹைட்ரஜன் பெராக்சைடு இருந்தது. உள்ளே ரசாயனம் இருப்பதை யாரும் தங்களுக்குச் சொல்லவில்லை என்று தீயணைப்புத் துறை பின்னர் அறிவித்தது. ஐம்பது பேர் வரை உயிரிழந்தார்கள். உதவிக்குப் போன வீரர்களும் அதில் அடக்கம்.

திருப்பூர் பனியன் துணியை வெளுக்க அன்றாடம் புழங்கும் பொருள்தான் ஹைட்ரஜன் பெராக்சைடு. அது தானாக எரியாது. ஆனால் சூடேறினால் சிதைந்து ஆக்சிஜனைக் கக்கும். பக்கத்தில் எரிகிற எதுவாக இருந்தாலும் அந்தத் தீயை மூர்க்கமாக்கும். மூடிய கேனுக்குள் அழுத்தம் ஏறி வெடிக்கவும் செய்யும். விவரம் தெரிந்தவர்கள் இதைப் பத்திரமாகவே கையாளுகிறார்கள். சீதாகுண்டாவில் அந்த விவரம்தான் உரிய நேரத்தில் உரியவர்களைச் சேரவில்லை.

லாரியில் ஏற்றுபவர், ஓட்டுபவர், குடோனில் அடுக்குபவர், விபத்து நடந்தால் ஓடி வருபவர், கடைசியில் சிகிச்சை தரும் மருத்துவர் என அத்தனை பேருக்கும் முதலில் வேண்டியது அந்தப் பொருளின் பெயர்.

வண்டி முதுகில் நான்கு இலக்கம்

நெடுஞ்சாலையில் டேங்கர் லாரிக்குப் பின்னால் போகிறவர்கள் ஒரு பலகையைப் பார்த்திருப்பார்கள். அதில் ஒரு சாய்சதுரப் படம், நான்கு இலக்க எண், ஒரு தொலைபேசி எண் இருக்கும். அந்த நான்கு இலக்கம் ஐக்கிய நாடுகள் சபை ஒவ்வொரு ஆபத்தான சரக்குக்கும் தந்திருக்கும் எண். 1203 என்றால் பெட்ரோல், 1075 என்றால் சமையல் எரிவாயு, 1005 அம்மோனியா, 1017 குளோரின், 1830 கந்தக அமிலம். சாய்சதுரத்தின் நிறமும் படமும் சரக்கின் குணத்தைச் சொல்லும். சிவப்பு எரியக்கூடியது. மண்டையோடு நஞ்சு. கையும் உலோகமும் அரிக்கப்படுவதுபோல் படம் இருந்தால் அமிலமோ காரமோ. நீலம் இருந்தால் தண்ணீர் பட்டால் ஆபத்து என்று பொருள். கால்சியம் கார்பைடு அந்த வகை. அதில் தண்ணீர் பட்டால் அசிட்டிலீன் வாயு கிளம்பும்.

இந்தப் பலகை இருக்க வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989 சொல்லும் கட்டாயம். இத்தகைய வண்டியை ஓட்டுபவர் மூன்று நாள் தனிப்பயிற்சி பெற்றிருக்க வேண்டும். சரக்கின் அபாயத்தையும் விபத்தில் செய்ய வேண்டியதையும் சொல்லும் எழுத்துக் குறிப்பு கேபினில் இருக்க வேண்டும். அந்தக் காகிதம் டேஷ்போர்டுக்கு அடியில் கசங்கிக் கிடந்தாலோ, போன மாதம் ஏற்றிய சரக்கின் குறிப்பு இன்றைக்கும் ஒட்டியிருந்தாலோ, விபத்து நேரத்தில் அது உதவாததோடு தவறான வழியும் காட்டும்.

2025 ஜனவரி 3 அதிகாலையில் கோவை அவினாசி சாலை மேம்பாலத்தில் ஏறக்குறைய 18 டன் எரிவாயுவோடு ஒரு டேங்கர் கவிழ்ந்து கசியத் தொடங்கியது. உள்ளே இருப்பது என்ன என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். சாலையை அடைத்தார்கள். சுற்றிலும் இருந்த பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள். வாயு தீப்பற்றாதபடி பல மணி நேரம் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே இருந்தார்கள். ஓர் உயிர்கூடப் போகவில்லை. 2012 ஆகஸ்ட் 27 அன்று கேரளத்தின் கண்ணூர் அருகே சாலாவில் இதே வகை டேங்கர் கவிழ்ந்து தீப்பிடித்தபோது 20 பேர் இறந்தார்கள். சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. தரையோடு ஊர்ந்து சாக்கடையிலும் பள்ளத்திலும் தேங்கி, எங்கோ ஒரு வீட்டு அடுப்பைத் தொட்டுப் பற்றிக்கொள்ளும். கவிழ்ந்த டேங்கரைக் கண்டால் வண்டியை ஸ்டார்ட் செய்யாமல், செல்போனில் படமெடுக்க நெருங்காமல், மேட்டுப் பக்கமாக நடந்து விலகுவதுதான் சரி.

சும்மா இருக்கும் சரக்கு சும்மா இருப்பதில்லை

ஓடும் லாரியைவிடக் கவனம் குறைவது நிற்கும் குடோனில். 2020 மே 7 அதிகாலையில் விசாகப்பட்டினத்தில் ஊரடங்கால் இயங்காமல் இருந்த ஒரு தொழிற்சாலையின் தொட்டியில் ஸ்டைரீன் தானாகவே சூடேறி ஆவியாகி ஊருக்குள் பரவியது. 12 பேர் இறந்தார்கள். ஸ்டைரீனைக் குளிர்ச்சியாக வைக்க வேண்டும், வினையைத் தடுக்கும் மருந்தையும் கலந்துவைக்க வேண்டும். ஆலை ஓடாத நாளிலும் அந்தக் கவனிப்பு நிற்கக் கூடாது.

சென்னைக்கும் ஒரு பாடம் உண்டு. சுங்கத் துறை 2015இல் பறிமுதல் செய்த சுமார் 700 டன் அம்மோனியம் நைட்ரேட் மணலியில் ஒரு கன்டெய்னர் முனையத்தில் ஐந்தாண்டுகள் கிடந்தது. 2020 ஆகஸ்ட் 4 அன்று பெய்ரூட் துறைமுகத்தில் கேட்பாரற்றுக் கிடந்த 2,750 டன் அதே பொருள் வெடித்து நகரின் ஒரு பகுதியையே சிதைத்த பிறகுதான், மணலிச் சரக்கு அவசரமாக ஐதராபாத்துக்கு அனுப்பப்பட்டது. அத்தனை ஆண்டுகள் அதன் பக்கத்தில் குடியிருந்தவர்களில் எத்தனை பேர் அதை அறிந்திருப்பார்கள்?

குடோனில் எதை எதன் பக்கத்தில் வைக்கிறோம் என்பது இன்னொரு பெரிய விஷயம். பிளீச்சிங் பவுடர் மூட்டையும் அமில கேனும் ஒரே மூலையில் இருந்து, ஒரு கேன் ஒழுகினால், எழுவது குளோரின் வாயு. ஆக்சிஜன் தரும் பொருளும் எண்ணெய், அட்டை, மரத்தூள் போன்ற எரிபொருளும் ஒன்றாக இருக்கலாகாது. ஒழுகும் கேனை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விடும் பழக்கம் எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதற்கு எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பல் சாட்சி. 2021 மே மாதம் அதிலிருந்த நைட்ரிக் அமில கன்டெய்னர் ஒன்று கசிந்தது. கத்தாரின் ஹமத் துறைமுகமும் குஜராத்தின் ஹசிராவும் அதை இறக்கிக்கொள்ளவில்லை. கொழும்புக்கு அருகே மே 20 அன்று கப்பலில் தீ எழுந்து பல நாள் எரிந்தது. இலங்கையின் மேற்குக் கரையெங்கும் பிளாஸ்டிக் மணிகள் ஒதுங்கின, மீனவர்கள் கடலுக்குப் போக முடியாமல் தவித்தார்கள்.

மூச்சு வழியாக

2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி, எண்ணூரில் கப்பலிலிருந்து உர ஆலைக்கு அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாய் கசிந்தது. பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் கண்ணெரிச்சலோடும் மூச்சுத்திணறலோடும் தெருவுக்கு ஓடிவந்தார்கள். அம்மோனியா ஈரத்தைத் தேடும் வாயு. கண், தொண்டை, நுரையீரல் ஆகியவற்றின் ஈரத்தில் கரைந்ததும் காரமாக மாறித் திசுவைப் பொசுக்கும். முகத்தில் ஈரத்துணி கட்டுவது தப்பி ஓடும் சில நிமிடங்களுக்குக் கொஞ்சம் உதவும். கொரோனா காலத்து முகக்கவசம் எந்த வாயுவையும் தடுக்காது.

நாற்றமே எச்சரிக்கை என்று நம்புவதும் பிழை. தானிய மூட்டைகளுக்குப் பூச்சி அடிக்காமல் இருக்க குடோனிலும் கன்டெய்னரிலும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை வைப்பார்கள். காற்றின் ஈரத்தில் அது பாஸ்பீன் வாயுவை விடும். அழுகிய மீன் அல்லது பூண்டு வாடை வரலாம், வராமலும் போகலாம். கதவைத் திறந்ததும் உள்ளே பாயும் லோடுமேனுக்குத் தலைவலி, வாந்தி, நெஞ்சடைப்பு வந்தால் அதைப் பசி மயக்கம் என்று ஒதுக்கிவிடக் கூடாது. பாஸ்பீனுக்கு மாற்று மருந்து கிடையாது. புகையூட்டிய கன்டெய்னரை முழுக்கத் திறந்து காற்றாடவிட்டு, வாயு அளவைக் கருவியால் சோதித்த பிறகே ஆள் இறங்க வேண்டும்.

நைட்ரிக் அமிலப் புகை இன்னும் வஞ்சகமானது. சுவாசித்தவர் லேசாக இருமிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். பல மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்து மூச்சு முட்டும். அதனால் நன்றாக இருப்பதாகச் சொல்பவரையும் மருத்துவமனையில் வைத்துக் கண்காணிக்க வேண்டும்.

முதல் இருபது நிமிடம்

அமிலமோ காரமோ தோலில் பட்டால் துணியைக் கழற்றிவிட்டு, ஓடும் தண்ணீரில் குறைந்தது இருபது நிமிடம் கழுவ வேண்டும். அமிலத்தை முறிக்கிறேன் என்று சோடா மாவு தூவுவது வேண்டாம், அந்த வினையில் கிளம்பும் சூடு புண்ணை ஆழமாக்கும். சுட்ட சுண்ணாம்பு போன்ற தூளாக இருந்தால் முதலில் உதறித் துடைத்துவிட்டுப் பிறகு ஏராளமான தண்ணீர் விடலாம். கண்ணில் பட்டால் இமையை விரித்துப் பிடித்துக் கழுவ வேண்டும், வலித்தாலும் நிறுத்தாமல். அமிலத்தையோ மண்ணெண்ணெயையோ விழுங்கியவரை வாந்தி எடுக்கவைக்கவே கூடாது. அமிலம் தொண்டையை இரண்டாம் முறை சுடும், மண்ணெண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும்.

வாயு நிறைந்த அறையில் விழுந்தவரைத் தூக்கக் காற்றுக் கருவி இல்லாமல் உள்ளே போகிறவர் இரண்டாவது நோயாளி ஆவார். மனசு கேட்காது என்றாலும், 108க்கும் தீயணைப்புக்கும் சொல்லிவிட்டு வெளியே நிற்பதுதான் அந்த நண்பருக்கும் நல்லது.

ஆம்புலன்ஸில் ஏற்றும்போது கேனின் லேபிளைப் படமெடுத்துக் கூடவே அனுப்ப வேண்டும். பூச்சிமருந்துகளில் ஒரு வகைக்கு அட்ரோபின் ஊசி உயிர் காக்கும். கண்ணாடியில் கோலம் பொறிக்கவும் உலோகம் துலக்கவும் பயன்படும் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் பட்டால் தொடக்கத்தில் வலியே இல்லாமல் இருக்கலாம். ஆனால் அது உடலின் கால்சியத்தைப் பிடித்து இதயத் துடிப்பையே குலைக்கும். அதற்குக் கால்சியம் குளுகோனேட் களிம்பு வேண்டும். ‘ஏதோ ஆசிட் பட்டுருச்சு டாக்டர்’ என்றால் அந்தக் களிம்பு யாருக்கும் நினைவுக்கு வராது.

வீட்டுக்கு வரும் சரக்கு

காலி ரசாயன கேனைக் கழுவித் தண்ணீர் பிடிப்பதும், தின்னரையும் அமிலத்தையும் குடிநீர் பாட்டிலில் ஊற்றிவைப்பதும் பல வீடுகளில் உண்டு. பாட்டிலின் லேபிளைப் பார்த்துத் தண்ணீர் என்று குடித்துவிடும் குழந்தையின் உணவுக்குழாய் வெந்து சுருங்கிப்போகும். குடோனில் உடுத்திய சட்டையிலும் லுங்கியிலும் பூச்சிமருந்துத் தூள் படிந்திருக்கும். அவற்றைப் பிள்ளைகளின் துணியோடு ஊறவைக்காமல் தனியாகத் துவைக்க வேண்டும். வேலை முடிந்ததும் குளித்து உடை மாற்றிக்கொள்ள குடோனிலேயே இடம் கேட்பது தொழிலாளர்களின் நியாயமான உரிமை. அதற்கு ஒரு தண்ணீர்க் குழாயும் ஒரு மறைப்பும் போதும்.