“ஏலாமல் கிடக்கு, பிள்ளை”: ஒரு தாதியியல் மாணவியின் நினைவோட்டங்கள்

புலம்பெயர்ந்த நாடுகளில் எமது பிள்ளைகள் எந்தெந்தத் துறைகளிற் கால்பதித்திருக்கின்றார்கள் என்ற கணக்கை நாம் அடிக்கடி எடுத்துப் பார்ப்பதுண்டு. கலியாண வீட்டிலும் கோயில் திருவிழாவிலும் சந்திக்கும்போது, டொக்டர் எத்தனை பேர், என்ஜினியர் எத்தனை பேர், கணக்காளர் எத்தனை பேர் என்று விரல் மடக்குகின்றோம். அந்தக் கணக்கிலே தாதியர் வருவது அரிது. வந்தாலும் அதைச் சொல்லும் குரல் சற்றே தாழ்ந்துவிடுகின்றது.

தென் இலண்டனில் வசிக்கும் தமிழ் மாணவி ஒருவரை அண்மையிற் சந்தித்தோம். தாதியியல் பட்டப்படிப்பின் மூன்றாம் ஆண்டில் இருக்கின்றார். தந்தையார் அகதியாக இந்நாட்டுக்கு வந்தவர்; பெற்றோல் நிலையங்களில் இரவு வேலை செய்து பிள்ளைகளைப் படிப்பித்தவர். தாதியாகப் போகின்றேன் என்று மகள் சொன்னபோது அவர் கோபிக்கவில்லை. ஒரு கிழமை பேசாமல் இருந்தார். பின்னர், “டொக்டருக்குப் படிக்கப் புள்ளி காணாதோ?” என்று மட்டும் கேட்டாராம். புள்ளிகள் காணும் என்பதை மகள் இன்றுவரை அவருக்குச் சொல்லவில்லை.

தமது பெயரைத் தவிர்க்குமாறு மாணவி கேட்டுக்கொண்டார். நோயாளர் எவரையும் அடையாளங்காட்டும் விபரம் எதனையும் அவர் எமக்குக் கூறவில்லை. வைத்தியசாலையின் பெயரை நாம் கேட்கவுமில்லை.

1860 இல் புளோரன்ஸ் நைற்றிங்கேலின் பெயரால் இலண்டன் சென். தோமஸ் வைத்தியசாலையில் தாதியர் பயிற்சிப் பாடசாலை தொடங்கப்பட்டது. அந்நாள் தொட்டு நோயாளியின் கட்டிலருகே நின்று கற்பதே இத்தொழிலின் அடிப்படையாக இருந்துவருகின்றது. 2013 முதல் இங்கிலாந்தில் தாதியாகப் பதிவுபெறப் பட்டப்படிப்பு கட்டாயமாயிற்று. ஆயினும் படிப்புக்குரிய 4,600 மணித்தியாலங்களிற் பாதி, அதாவது 2,300 மணித்தியாலங்கள், செயன்முறைப் பயிற்சிக்கே உரியவை. ஊரிலே நாம் ‘மிஸி’ என்று அழைத்தவர்கள் டொக்டரின் பின்னால் தட்டம் ஏந்திச் செல்பவர்கள் என்றுதான் எம்மிற் பலர் எண்ணியிருந்தோம். அந்த எண்ணம் அன்றும் பிழை, இன்றும் பிழை.

முதலாண்டில் தாம் செய்த வேலைகளை மாணவி ஒளிவுமறைவின்றிக் கூறினார். முதியவர்களைக் குளிப்பாட்டினார், உணவு ஊட்டினார், மலசலம் கழிக்க உதவினார், படுக்கைப்புண் வராமல் சில மணித்தியாலங்களுக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைத்தார். இவை படிப்பில்லாத வேலைகள் என்று நினைப்போர் ஒரு செய்தியை அறியவேண்டும். படுக்கைப்புண்ணின் முதல் அடையாளம் தோல் சிவத்தல் என்றே பாடநூல்கள் நெடுங்காலம் கூறிவந்தன. எம்மைப் போன்ற கறுத்த தோலிலே அந்தச் சிவப்புத் தெரியாமற் போகலாம். குதிக்கால், நாரி, இடுப்பெலும்பு ஆகிய இடங்களைத் தொட்டு, சூடேறியிருக்கின்றதா, இறுகியிருக்கின்றதா, நோகின்றதா என்று அறியவேண்டும். கண்ணுக்குத் தப்பியதைக் கை கண்டுபிடிக்கின்றது. இதைக் கற்றபோதுதான், கழுவித் துடைப்பது என்பது நோயாளியைச் சோதித்துப் பார்ப்பதே என்பது தமக்கு விளங்கியதாக அவர் சொன்னார்.

இரண்டாம் ஆண்டின் குளிர்காலத்தில் ஓர் இரவுக் கடமை. தமிழ் மூதாட்டி ஒருவர் வேறொரு சுகவீனத்துக்காக அனுமதிக்கப்பட்டிருந்தார். நீண்டகால நீரிழிவு நோயாளி. ஆங்கிலம் தெரியாது. பிள்ளைகள் பார்வையாளர் நேரம் முடிந்து வீட்டுக்குப் போய்விட்டார்கள். அதிகாலையில் மாணவி அருகாற் சென்றபோது அந்த அம்மா கையைப் பிடித்து, “ஏலாமல் கிடக்கு, பிள்ளை” என்றார். எங்கே நோகின்றது என்று கேட்டதற்கு, ஓரிடமும் நோகவில்லை என்றார். நெஞ்சு நோகிறதா என்றதற்கும் இல்லை என்றே தலையாட்டினார்.

பிரித்தானிய வைத்தியசாலைகளில் நோயாளியின் நிலை மோசமடைவதை முன்கூட்டியே அறிவதற்கு ஒரு புள்ளிமுறை உண்டு. வைத்தியர்களின் அரச கல்லூரி அதனை 2012 இல் வெளியிட்டு 2017 இல் திருத்தியமைத்தது. மூச்சு வீதம், குருதியில் ஒட்சிசன் செறிவு, குருதி அமுக்கம், நாடித்துடிப்பு, உணர்வுநிலை, உடல் வெப்பம் ஆகிய ஆறும் அளக்கப்படுகின்றன. ஒவ்வொன்றுக்கும் சுழியம் முதல் மூன்று வரை புள்ளியிடுவர். செயற்கையாக ஒட்சிசன் கொடுக்கப்பட்டால் மேலும் இரண்டு புள்ளிகள் சேரும். மொத்தம் ஐந்தானால் வைத்தியர் விரைந்து வரவேண்டும். ஏழானால் அது அவசர நிலை. அந்த அம்மாவின் புள்ளி இரண்டு. தாளின்படி கவலைப்பட ஏதுமில்லை.

மாணவி தாளைப் பார்த்தார். அம்மாவின் முகத்தைப் பார்த்தார். ‘ஏலாமல் கிடக்கு’ என்ற சொல்லை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? களைப்பு என்றால் அது குறைந்துபோகும். சுகமில்லை என்றால் வைத்தியசாலையிலிருக்கும் எல்லோருக்கும் அது பொருந்தும். எமது மூத்த தலைமுறைப் பெண்கள் நோவைச் சொல்லிப் பழகாதவர்கள். அவர்கள் வாய்திறந்து ஏலாது என்றால் வீட்டிலே அடுப்பு எரியாது என்று பொருள். இது மாணவிக்குத் தெரியும். ஆனால் அவர் மாணவி. மூத்த தாதி வேறொரு நோயாளியோடு ஓய்வின்றி நின்றார். புள்ளி இரண்டாக இருக்கையில், ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அவரைக் கூப்பிடுவதா என்று தயங்கினார். அந்தத் தயக்கம் இருபது நிமிடங்கள் நீடித்தது.

இருபது நிமிடங்களின் பின் சென்று சொன்னார். மூத்த தாதி உடனே வந்தார். ஈ.சி.ஜி. எடுக்கப்பட்டது; வைத்தியர் அழைக்கப்பட்டார். அது மாரடைப்பு. நீண்டகால நீரிழிவினால் நரம்புகள் பாதிக்கப்பட்டவர்களுக்கும் முதியவர்களுக்கும், பெண்களிற் சிலருக்கும், நெஞ்சுநோ இல்லாமலே மாரடைப்பு வரக்கூடும். மூச்சிளைப்பு, வியர்வை, ஓங்காளம், சொல்லத்தெரியாத ஓர் ஏலாமை, இவை மட்டுமே தெரியலாம். அந்த அம்மா பிழைத்துக்கொண்டார். பிள்ளைகள் மாணவிக்கு நன்றி சொன்னார்கள். அவரோ எம்மிடம் அந்த நன்றியைப் பற்றிப் பேசவில்லை. இருபது நிமிடங்களைப் பற்றியே பேசினார். புள்ளி குறைவாக இருந்தாலும் தாதிக்குக் கவலை ஏற்பட்டால் அதுவே வைத்தியரை அழைக்கப் போதிய காரணம் என்று பாடத்திற் படித்திருந்தும், அந்த இரவில் தமது மனதை நம்பத் துணியவில்லை என்றார்.

இன்னொன்றையும் அவர் சுட்டிக்காட்டினார். 2017 இன் திருத்தத்தின்படி, நோயாளியிடம் புதிதாகத் தோன்றும் மனக்குழப்பத்துக்கு மட்டும் மூன்று புள்ளிகள் உண்டு. ஆங்கிலம் பேசாத ஒருவருக்குப் புதிதாகக் குழப்பம் வந்துள்ளது என்பதை அவரது மொழி தெரியாதவர் எப்படி அறிவார்? மறதிநோய் முற்றும்போது பிற்காலத்திற் கற்ற மொழி முதலில் நழுவி, தாய்மொழி மட்டும் எஞ்சுவதும் உண்டு. முப்பது வருடம் இந்நாட்டில் ஆங்கிலம் பேசி வேலை செய்தவர், முதுமையில் தமிழில் மட்டும் முணுமுணுத்துக்கொண்டு படுத்திருக்கின்றார். கடந்து செல்வோருக்கு அது வெறும் சத்தம். இந்நிலை எமது முதல் தலைமுறையினருக்கு இனித்தான் பெருமளவில் வரப்போகின்றது.

நோயைத் தமிழிற் சொல்லவும் கேட்கவும் வேண்டும் என்ற கவலை எமக்குப் புதிதன்று. 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயிலிருந்து தமிழிலேயே மேலைத்தேய மருத்துவத்தைக் கற்பித்தார். மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். நோயாளியின் மொழியிலேயே வைத்தியம் நடைபெறவேண்டும் என்று அன்று ஓர் அந்நியர் உணர்ந்தார். இன்று அந்நிய மண்ணில் நாம் நோயாளிகளாகப் படுத்திருக்கும்போது அதே தேவை திரும்பி வந்து நிற்கின்றது.

இவ்விடத்தில் வாசகர்களுக்குச் சிலவற்றை எடுத்துரைப்பது எமது கடமை. இங்கிலாந்தில் வைத்தியசாலையிலோ குடும்ப வைத்தியரிடமோ மொழிபெயர்ப்பாளரை நீங்கள் கேட்கலாம். அதற்குக் கட்டணம் இல்லை. பிள்ளைகளைக்கொண்டு, அதிலும் பள்ளி செல்லும் சிறுவரைக்கொண்டு, நோயை மொழிபெயர்ப்பிக்கவேண்டாம். தாய் சொல்ல வெட்கப்படுவதைப் பிள்ளை சொல்லமாட்டாது. வைத்தியர் சொல்லும் கெட்ட செய்தியைப் பிள்ளை பாதியாக்கிவிடும். குடும்ப வைத்தியரிடம் பதிவுசெய்வதற்கு விசாவோ முகவரிச் சான்றோ கட்டாயமில்லை. தஞ்சக்கோரிக்கையின் முடிவுக்காகக் காத்திருப்போருக்கு வைத்தியசாலைச் சிகிச்சை இலவசம். கோரிக்கை நிராகரிக்கப்பட்டவர்களிடம் சில சிகிச்சைகளுக்குப் பணம் கேட்கப்படலாம். ஆயினும் அவசர சிகிச்சைப் பிரிவிற் பெறும் சிகிச்சைக்கு எவரிடமும் பணம் அறவிடப்படுவதில்லை. உடனடியாகத் தேவைப்படும் சிகிச்சையைப் பணம் கட்டும்வரை தாமதிக்கவும் கூடாது. கடிதத்துக்கும் கடனுக்கும் அஞ்சி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வீட்டிலிருப்பது வேண்டாம். ஒருவரின் முகம் ஒரு பக்கம் கோணினாலோ, கை சோர்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ அது பாரிசவாதமாக இருக்கலாம். உடனே 999 ஐ அழையுங்கள். அவர் கடைசியாக நல்ல நிலையில் இருந்த நேரத்தைக் குறித்துவைத்துச் சொல்லுங்கள். இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து பெரும்பாலும் முதல் நாலரை மணித்தியாலங்களுக்குள்ளேயே கொடுக்கப்படுவதால், அந்த நேரம் மருந்துக்கு நிகரானது.

மூன்றாம் ஆண்டில் மாணவி முதன்முறையாக இதயம் நின்றுபோன ஒருவரைக் கண்டார். வயது முதிர்ந்த ஆங்கிலேயர். அன்று காலையில் இவரிடம் தேநீர் வாங்கிக் குடித்தவர். அபாய மணி ஒலித்தது. 2222 என்ற உள்ளிலக்கத்துக்கு அழைப்புப் போயிற்று. சில நிமிடங்களில் அவசரக் குழுவினர் வந்து சேர்ந்தார்கள். மார்பை அழுத்தும் முறை மாணவியிடமும் வந்தது. ஐந்து முதல் ஆறு சென்றிமீற்றர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, இரண்டு நிமிடத்துக்கு ஒருவர் மாறவேண்டும். பொம்மையிற் பலமுறை பழகியிருந்தார். ஆனால் பொம்மைக்கு விலா எலும்பு முறிவதில்லை. கையின் கீழ் எலும்பு முறிந்ததை உணர்ந்தபோதும் நிறுத்தாமல் எண்ணிக்கொண்டே போனதாகச் சொன்னார். வைத்தியசாலைக்குள் இதயம் நின்றவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவரே பிழைத்து வீடு திரும்புகின்றார். இவர் திரும்பவில்லை.

அதன் பின்னர் நடந்ததுதான் அவர் மனதில் ஆழமாகப் பதிந்தது. குழுவினர் கலைந்து சென்றதும் மூத்த தாதி திரைச்சீலையை இழுத்து மூடினார். சாளரத்தைச் சற்றே திறந்தார். அது இங்குள்ள தாதியர் பலரிடம் தொன்றுதொட்டு வரும் வழக்கம். இருவருமாக உடலைக் கழுவினார்கள். உயிரோடிருப்பவருக்குச் சொல்வதுபோலவே, இப்போது கையைத் தூக்குகின்றோம், இப்போது திருப்புகின்றோம் என்று மூத்த தாதி அவரைப் பெயர்சொல்லிப் பேசிக்கொண்டே கழுவினார். தலைமயிரைச் சீவிவிட்டார். மனைவி வந்து பார்க்கும்போது அவர் அமைதியாக உறங்குபவர்போல் இருந்தார்.

நாம் வைத்தியசாலைகள் தாக்கப்படக் கண்ட மக்கள். 1987 ஒக்டோபர் 21 ஆம் திகதி, தீபாவளி நாளில், இந்திய அமைதிப்படையினர் யாழ்ப்பாணம் வைத்தியசாலைக்குள் புகுந்து சுட்டதில் அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நோயாளரை விட்டோடாமல் நின்ற வைத்தியர்களும் தாதியரும் அவர்களுள் அடங்குவர். 2009 இன் தொடக்கத்தில் புதுக்குடியிருப்பு வைத்தியசாலைமீது எறிகணைகள் வீழ்ந்தன. அங்கும் நோயாளரின் அருகே நின்றவர்கள் இருந்தார்கள். அவர்களை நினைவுகூரும் ஒரு சமூகம், தன் பிள்ளை தாதியாவதைக் குரல் தாழ்த்திச் சொல்வது எப்படிப் பொருந்தும்?

மாணவியின் அப்பம்மா 2009 இல் வன்னியில் இறந்தவர். எங்கே புதைத்தார்கள் என்பது குடும்பத்துக்குத் தெரியாது. கழுவினார்களா, கண்ணை மூடிவிட்டார்களா என்பதும் தெரியாது. வீட்டில் அதைப்பற்றி எவரும் பேசுவதில்லை.

அந்த ஆங்கிலேயர் இறந்த நாளின் இரவு, வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த தந்தையிடம் மகள் நடந்ததைச் சொன்னார். எலும்பு முறிந்ததைச் சொன்னார், கழுவியதைச் சொன்னார். தந்தை கதவடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பின்னர், “சுடுதண்ணியிலயோ கழுவினனீங்கள்?” என்று கேட்டார்.

“ஓம் அப்பா, இளஞ்சூடா எடுத்தனாங்கள்” என்றார் மகள்.

அவர் தலையாட்டிவிட்டு வேலைக்குப் போனார். டொக்டர் படிப்பைப் பற்றிய பேச்சு அதன் பின்னர் அந்த வீட்டில் எழவில்லை.

இன்னுஞ் சில மாதங்களில் இம்மாணவி பதிவுபெற்ற தாதியாகிவிடுவார். அடுத்த கலியாண வீட்டில் விரல் மடக்கிக் கணக்கெடுப்பவர்கள் அவருக்காகவும் ஒரு விரலை மடக்கட்டும். குரலைத் தாழ்த்தாமல் மடக்கட்டும்.